72 விழுக்காடா, 37 விழுக்காடா: கோலாலம்பூரில் ஒரு ஏஐ நிறுவனத்தின் நிதிக் கணக்கு

இந்த ஆய்வில் வரும் நிறுவனம் கணக்கை விளக்குவதற்காக அமைத்த மாதிரி. அதன் வரவு செலவு எண்களும் அப்படியே. சட்டம், வரி, நாணய மதிப்பு, பெயர் சொல்லிக் குறிப்பிடும் நிறுவனங்களின் செய்திகள் மட்டும் உண்மையானவை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இரண்டு தமிழ் இளைஞர்கள் நடத்தும் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம் அது. ஒருவர் மென்பொருள் எழுதுபவர். மற்றவர் கிள்ளான் துறைமுகத்தில், இறக்குமதியாளர் சார்பில் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துத் தரும் ஃபார்வர்டிங் ஏஜண்டிடம் வேலை பார்த்து, சுங்க டிக்ளரேஷன் அடித்துப் பழகியவர். இறக்குமதி சரக்கோடு வரும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றை ஏஐ படித்து, இறக்குமதியைச் சுங்கத்துக்கு அறிவிக்கும் கே1 படிவத்துக்கு வேண்டிய விவரங்களை நிரப்பித் தருகிறது. கையால் அடித்தால் 25 நிமிடம் பிடிக்கிற வேலை. 14 ஏஜண்டுகள் வாடிக்கையாளர்கள். மாதம் 9,000 ஃபைல், ஃபைலுக்கு 6 ரிங்கிட், மாத விற்பனை 54,000 ரிங்கிட். வங்கியில் 310,000 ரிங்கிட் கையிருப்பு.

ஒரு முதலீட்டு நிதியம் 1.5 மில்லியன் ரிங்கிட் தந்து 20 விழுக்காடு பங்கு கேட்டது. அதாவது பணம் உள்ளே வந்தபின் நிறுவனத்தின் மதிப்பு 7.5 மில்லியன், ஆண்டு விற்பனையைப் போல் ஏறத்தாழ 11.6 மடங்கு. இந்த மதிப்பைத் தாங்கி நின்றது ஒரே ஒரு எண்: மொத்த லாபம், அதாவது விற்பனையில் நேரடிச் செலவு போக மிஞ்சுவது, 72 விழுக்காடு என்று நிறுவனர்கள் கொடுத்த அறிக்கை. அந்த எண் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை, அதற்குப் பிறகு ஒப்பந்தம் எப்படி மாறியது என்பதுதான் இந்த ஆய்வு.

ஒரு ஃபைலுக்கு உண்மையில் என்ன செலவு

சராசரி ஃபைலில் 11 பக்கம். பக்கப் படம் ஒன்றுக்கு 1,500 டோக்கன் (ஏஐ சேவைக்குக் கட்டணம் போட அளக்கும் அலகு) என்றால் 16,500. கட்டளைகளும் மேற்கோள் அட்டவணைகளும் 6,000. சரிபார்க்க இரண்டு முறை ஓட்டுவதால் உள்ளே போவது 45,000 டோக்கன், வெளியே வருவது 4,000. மில்லியன் டோக்கனுக்கு உள்ளீடு 3 டாலர், வெளியீடு 15 டாலர் என்று வைத்தால் 0.195 டாலர். தோற்றுப்போய் மறுபடி ஓட்டுவதற்கு 20 விழுக்காடு சேர்த்தால் 0.234. ஒரு டாலருக்கு 4.20 ரிங்கிட் என்று வைத்து, அதன்மேல் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கான 8 விழுக்காடு சேவை வரி: மொத்தம் 1.06 ரிங்கிட்.

வரியையும் நாணயத்தையும் விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் ஏராளம். 2024 பிப்ரவரியில் டாலர் 4.80 ரிங்கிட்டை ஒட்டி நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 4.12 அளவுக்கு இறங்கியது. வரவு ரிங்கிட்டிலும் செலவு டாலரிலும் இருக்கும் நிறுவனத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் நேராக லாபத்தில் வந்து விழும். 4.80 என்றால் இதே ஃபைலுக்கு 1.21 ரிங்கிட்.

சர்வர், சேமிப்பு, காப்புப் பிரதி எல்லாம் சேர்த்து மாதம் 5,400 ரிங்கிட், ஃபைலுக்கு 60 சென். முதல் ஆண்டில் இலவச கிளவுட் கிரெடிட் இருந்ததால் இந்தச் செலவு கண்ணில் படவே இல்லை. அப்போது இதே கணக்கு 82 விழுக்காடு லாபம் காட்டியது. ஏஐ நிறுவனத்தின் கணக்கைப் பார்ப்பவர் கிரெடிட் முடியும் தேதியை முதல் நாளே கேட்டு வாங்கிவிட வேண்டும். கிரெடிட்டைப் பணமாக எண்ணி, அது தீர்ந்த மாதத்தில் திணறிய கதை இந்தத் துறையில் புதிதல்ல.

1.06 கூட்டல் 0.60, ஆக 1.66. ஆறில் இதைக் கழித்தால் 4.34. அறிக்கையில் இருந்த 72 விழுக்காடு இதுதான்.

விடுபட்டது ஆறு பேரின் சம்பளம். பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து, ஏஐ நிரப்பிய ஃபைல்களைத் திருத்துபவர்கள். ஆளுக்கு 2,800 ரிங்கிட் சம்பளம், 5,000 வரையிலான சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டிய 13 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) முதலியவை சேர்த்து ஏறத்தாழ 3,220. ஆறு பேருக்கு 19,320. ஃபைலுக்கு 2.15. இதை அறிக்கையில் 'தயாரிப்பு மேம்பாடு' என்ற தலைப்பில் போட்டிருந்தார்கள். ஃபைல் கூடக்கூட இந்தச் செலவும் கூடுகிறது. ஃபைல் வராத நாளில் இவர்களுக்கு வேலையே இல்லை. அப்படிப்பட்ட செலவு விற்பனைச் செலவுதான், மேம்பாட்டுச் செலவு அல்ல. அதைச் சேர்த்தால் ஃபைலுக்கு 3.81 செலவு, 2.19 மிச்சம், மொத்த லாபம் 36.6 விழுக்காடு.

நிறுவனர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் ஆறு மாதத்தில் ஏஐ தானே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும், இவர்கள் அதுவரைக்கும்தான் என்று உண்மையாகவே நம்பினார்கள். நம்பிக்கை கணக்கில் ஏறிவிட்டதுதான் பிரச்சினை.

திருத்துபவர் எதைத் திருத்துகிறார்

ஒரு ஃபைலைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இந்தச் செலவு ஏன் சுலபத்தில் போகாது என்று புரியும். சீனாவிலிருந்து வரும் இன்வாய்ஸின் அடியில் எஃப்ஓபி மொத்தம், அதாவது கப்பல் கட்டணம் சேராத மதிப்பு, 18,460 டாலர் என்று இருக்கிறது. மலேசியச் சுங்கம் இறக்குமதி மதிப்பை சிஐஎஃப் அடிப்படையில் கேட்கிறது, அதாவது கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த மதிப்பு. அந்தக் கப்பல் கட்டணம் இன்வாய்ஸில் இல்லை. ஸ்கேனின் ஒன்பதாவது பக்கத்தில், வேறொரு கம்பெனியின் டெபிட் நோட்டில், சாய்ந்த எழுத்தில் கிடக்கிறது. ஏஐ 18,460 என்று அழகாக எடுத்துப் போட்டுவிடும். எண் பிழையில்லாமல் படிக்கப்பட்டிருக்கிறது, கட்டத்துக்குத்தான் தவறு. கம்பெனி முத்திரையின் நீல மை மூன்றின் மேல் விழுந்து அதை எட்டாகக் காட்டுவதும், மொத்த எடையும் நிகர எடையும் இடம் மாறுவதும் அன்றாடம். சுங்கத்துக்குப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் எண் இன்னும் கடினம்: பொருளின் பெயர் 'பார்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால், எந்த இயந்திரத்தின் பார்ட்ஸ் என்று ஏஜண்டுக்குப் போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

இதில் பிழை போனால் விளைவு லேசானதல்ல. சுங்கச் சட்டம் 1967ன் 133ஆம் பிரிவு தவறான அறிவிப்பைக் குற்றமாக வைத்திருக்கிறது. அதனால் ஏஜண்டுகள் 95 விழுக்காடு துல்லியத்தை வாங்க மாட்டார்கள். சரியான படிவத்தைத்தான் வாங்குவார்கள். மீதி ஐந்து விழுக்காட்டுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதில்தான் இந்த வியாபாரத்தின் லாபம் இருக்கிறது.

நிதியம் இதை எப்படிக் கண்டுபிடித்தது

மூன்று தாள்கள் போதுமாயிருந்தன. முதலில் இபிஎஃப் மாதாந்திரச் சந்தா பட்டியல். அறிக்கையில் தொழில்நுட்பக் குழு மூன்று பேர் என்று இருந்தது. பட்டியலில் கூடுதலாக ஆறு பெயர், எல்லாம் 2,800 ரிங்கிட். அடுத்தது மென்பொருளின் திருத்தப் பதிவு: யார், எத்தனை மணிக்கு, எந்தக் கட்டத்தை மாற்றினார் என்பது. ஒரு வாரத்தில் வந்த 2,100 ஃபைல்களில் 1,610ஐ மனிதக் கை தொட்டிருந்தது. மூன்றாவது ஏபிஐ பில், அதாவது ஏஐ சேவையைப் பயன்படுத்தியதற்கான பில். மாத டோக்கன் எண்ணிக்கையை ஃபைல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஃபைல் எத்தனை முறை ஓடியது என்று தெரியும். ஆறு பேரின் வேலை நேரத்தை நிமிடமாக்கி 9,000ஆல் வகுத்தபோது வந்தது 6.4 நிமிடம். இந்த ஒரு எண் பிறகு ஒப்பந்தத்தின் மையத்துக்கே வந்தது.

வேறொன்றும் வெளிவந்தது. விற்பனை வரிசையில் இரண்டு மாதங்கள் மட்டும் திடீரென உயர்ந்திருந்தன. அரசு மானியத்தின் தவணை அதில் கலந்திருந்தது. மானியம் வரவுதான், ஆனால் விற்பனை அல்ல. வேறு தலைப்பில் காட்டவேண்டியது.

இப்படிப்பட்ட ஆய்வை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் பில்டர்.ஏஐ இருக்கிறது. 2016ல் இன்ஜினியர்.ஏஐ என்று தொடங்கிய நிறுவனம். ஏஐ செய்வதாகச் சொன்ன வேலையில் பெரும்பகுதியை மனிதப் பொறியாளர்களே செய்கிறார்கள் என்று 2019லேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. அதற்குப் பிறகும் மைக்ரோசாஃப்ட், கத்தார் முதலீட்டு ஆணையம் போன்றவை உள்ளே வந்தன. மொத்தம் 450 மில்லியன் டாலருக்கு மேல் திரண்டது. 2025ல், முந்தைய ஆண்டு விற்பனை 220 மில்லியன் டாலர் என்றிருந்தது 55 மில்லியன் அளவுக்குத் திருத்தப்பட்டது. கடன் கொடுத்த வயோலா கிரெடிட் 37 மில்லியனை எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. மனிதர்கள் வேலை செய்ததில் குற்றமில்லை. அவர்களின் செலவும் விற்பனையின் உண்மை அளவும் முதலீட்டாளர் முன் தெளிவாக இருந்ததா என்பதே கேள்வி.

வளர்ச்சி பணத்தைத் தின்னும்

நிலையான செலவு மாதம் 56,390 ரிங்கிட்: நிறுவனர் இருவர், பொறியாளர் மூவர், விற்பனைக்கும் வாடிக்கையாளர் உதவிக்கும் இருவர், வாடகை, கணக்காளர், கம்பெனி செயலாளர். மொத்த லாபம் 19,740. மாதம் 36,650 ரிங்கிட் கரைகிறது. கையிருப்பை இதனால் வகுத்து, எட்டரை மாதம் தாங்கும் என்றார்கள்.

தாங்காது. ஏஜண்டுகள் சராசரி 75 நாள் கழித்துப் பணம் கட்டுகிறார்கள். மாதம் 1,000 ஃபைல் கூடி ஒன்பது மாதத்தில் 18,000 ஆகிறது என்று வைப்போம். அப்போது வெளியே நிற்கும் பாக்கி கடைசி இரண்டரை மாத விற்பனை: 18,000, 17,000, அதற்கு முந்தைய மாதத்தில் பாதி 8,000. 43,000 ஃபைல், 258,000 ரிங்கிட். இப்போது நிற்கும் பாக்கி 135,000. ஆக 123,000 புதிதாக மாட்டிக்கொள்கிறது. அதே ஒன்பது மாதத்தில் கூடுதல் ஃபைல்கள் ஈட்டும் மொத்த லாபம் 98,550 மட்டுமே. வியாபாரம் இரட்டிப்பானால் கையிருப்பு இன்னும் சீக்கிரம் தீரும்.

டோக்கன் விலை இறங்கிக்கொண்டே வருகிறதே, காத்திருந்தால் சரியாகிவிடாதா என்பது நிறுவனர்களின் வாதம். விலை இறங்குவது உண்மைதான். 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4 என்ற ஏஐ மாடல் வந்தபோது மில்லியன் உள்ளீட்டு டோக்கனுக்கு 30 டாலர். 2024 ஜூலையில் வந்த ஜிபிடி-4ஓ மினிக்கு 15 சென்ட். ஆனால் இந்த நிறுவனத்தில் மாடல் செலவு முழுவதும் மறைந்தே போனாலும் ஃபைலுக்கு 1.06தான் மிச்சம். ஆட்செலவு அதைவிட இரண்டு மடங்கு. போதாததற்கு, விலை இறங்கிய செய்தி ஏஜண்டுக்கும் தெரியும், தள்ளுபடி கேட்பார்.

மாமா கொடுத்த 80,000

தொடக்கத்தில் வந்த 80,000 ரிங்கிட்டுக்குத் தாள் எதுவும் இல்லை. செந்தூலில் இருக்கும் தாய்மாமன் 50,000 கொடுத்தார், மீதி நண்பர்கள். "நம்ம பிள்ளைக்குக் குடுக்குறதுக்கு பேப்பர் எதுக்குப்பா?" என்று கொடுத்த பணம். அன்பு பெரிது. ஆனால் வழக்கறிஞரின் முதல் கேள்வி: இது கடனா, பங்கா? கடன் என்றால் புதிய முதலீட்டிலிருந்து திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் நிதியத்துக்கு. பங்கு என்றால் எத்தனை பங்கு, எந்த விலையில்?

நிறுவனர் மாமாவிடம் நேரில் போய்ப் பேசி, சாதாரணப் பங்காக மாற்றச் சம்மதம் வாங்கினார், நண்பர்களும் ஒப்புக்கொண்டார்கள். இயக்குநர் தீர்மானம், பங்கு ஒதுக்கீடு நடந்த 14 நாளுக்குள் கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு, அவ்வளவுதான் வேலை. நண்பர் ஒருவரின் பங்கு கூட்டு எனப்படும் சீட்டுப் பணத்திலிருந்து வந்ததா என்றும் விசாரித்தார்கள், ஏனென்றால் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்கிறது. அது அவருடைய சேமிப்புதான் என்று வங்கிக் கணக்கு காட்டியது.

சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் ஸ்புமி கடனை எடுத்து ஒரு வருடம் ஓட்டலாமே என்ற யோசனையும் குடும்பத்திலிருந்து வந்தது. இந்திய வணிகர்களுக்கு அது பயனுள்ள திட்டம்தான். ஆனால் தவணைக் கடன், மாதா மாதம் லாபம் கையில் நிற்கும் தொழிலுக்கு ஏற்றது. மாதம் 36,650 கரையும் நிறுவனம் தவணையை எங்கிருந்து கட்டும்? முதலீட்டுப் பணத்திலிருந்துதான். கடனை எடுத்துப் பொறியாளர் சம்பளம் போடுவதை எந்த நிலையிலும் தவிர்க்கவே வேண்டும்.

முதல் ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்தவை

நிதியம் முதலில் அனுப்பிய தாளில் கேட்டது ஆர்சிபிஎஸ், அதாவது மீட்கவும் மாற்றவும் கூடிய முன்னுரிமைப் பங்கு. மலேசியாவில் இதுவே பரவலான வடிவம். மூன்று வரிகளை நிறுவனர்கள் சரியாகப் படிக்கவில்லை.

ஒன்று, முன்னுரிமைக்குப் பின் பங்கேற்பு: போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியிலும் பங்கு பெறுவது. நிறுவனம் 6 மில்லியனுக்கு விலைபோனால், பங்கேற்பு இல்லாத பங்குதாரர் தன் 1.5 மில்லியனையோ 20 விழுக்காட்டின் 1.2 மில்லியனையோ எடுக்கலாம், 1.5 எடுப்பார். பங்கேற்பு இருந்தால் முதலில் 1.5, பிறகு மீதி 4.5ல் 20 விழுக்காடு 0.9, ஆக 2.4 மில்லியன். 20 விழுக்காடு என்று கையெழுத்துப் போட்டவர்களிடமிருந்து 40 விழுக்காடு போய்விடும்.

இரண்டு, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஆண்டுக்கு 8 விழுக்காடு கூட்டி மீட்டுத்தர வேண்டும். 1.5 மில்லியன் அன்று 2.2 மில்லியன். பெயர் பங்கு, நடத்தை கடன். கம்பெனிச் சட்டம் 2016ன் 72ஆம் பிரிவு மீட்புக்கான பணம் லாபத்திலிருந்தோ புதுப் பங்கிலிருந்தோ, கடன் தீர்க்கும் வலிமை உறுதிப்படுத்தப்பட்டால் மூலதனத்திலிருந்தோ வரலாம் என்கிறது. இவை எதுவும் இல்லாவிட்டால் மீட்க முடியாது. ஆனால் மீட்கவில்லை என்பதைக் காட்டி இயக்குநர் குழுவைக் கைப்பற்றும் உரிமை தாளின் வேறொரு பக்கத்தில் இருந்தது.

மூன்றாவது, விற்பனை இலக்கு. 12 மாதத்தில் மாத விற்பனை 150,000 தொடாவிட்டால் பங்கு மாற்று விகிதம் நிதியத்துக்குச் சாதகமாகத் திரும்பும். விற்பனை இலக்கு எல்லாருக்கும் பிடித்த இலக்கு, கெடுதலானதும் அதுவே. விலையை 3 ரிங்கிட்டாகக் குறைத்து யாரும் அதை எட்டலாம், நிறுவனம் மட்டும் மூழ்கும்.

தாளில் இல்லாத தடை ஒன்றும் இருந்தது. 2017க்குப் பிறகு பதிவான பல செண்டிரியான் பெர்ஹாட்களைப் போல இந்த நிறுவனத்துக்கும் தனிச் சாசனம், அதாவது நிறுவனத்தின் உள்விதித் தொகுப்பு, இல்லை. முன்னுரிமைப் பங்கின் உரிமைகள் சாசனத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் அதை ஒதுக்க முடியும் என்று அதே கம்பெனிச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் சாசனத்தை ஏற்றுக்கொண்டு, அதன்பிறகே ஒதுக்கீடு. வரிசை மாறினால் ஒதுக்கீடே கேள்விக்குள்ளாகும்.

வேலையை மாற்றியது

முதலில் பக்கங்களைப் பிரித்தார்கள். மலிவான சிறு மாடல் எந்தப் பக்கம் எது என்று மட்டும் சொல்லும். 11ல் வேண்டிய 5 பக்கம்தான் பெரிய மாடலுக்குப் போகும். இரண்டாம் ஓட்டம் சந்தேகமுள்ள 30 விழுக்காட்டு ஃபைலுக்கு மட்டும். மாடல் செலவு 1.06லிருந்து 49 சென்னுக்கு வந்தது. இது மூன்று வார வேலை.

ஆறு மாதம் பிடிக்கக்கூடியது மற்றது. திருத்தப் பதிவை எடுத்து, எந்தக் கட்டத்தில் பிழை வந்தால் பணம் போகும் என்று பிரித்தார்கள்: மதிப்பு, நாணயம், சிஐஎஃப் சேர்க்கை, எடை, எச்எஸ் எண், பொருளின் நாடு. திருத்துபவர் திரையில் இவை மட்டும் முன்னால் வரும், பக்கத்தில் அசல் தாளின் அந்தத் துண்டோடு. ஒரே சப்ளையரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் பொருளுக்கு முன்பு உறுதிசெய்த எச்எஸ் எண் தானாக நினைவுக்கு வரும். இலக்கு 6.4 நிமிடத்தை 4.1க்குக் கொண்டுவருவது. ஆட்செலவு 2.15லிருந்து 1.38.

மாடலில் மிச்சம் 57 சென், ஆளின் நேரத்தில் மிச்சம் 77 சென். சர்வர் 50 சென்னாக இறங்கினால் மொத்தச் செலவு 2.37, லாபம் 60 விழுக்காட்டைத் தாண்டும். வரவும் செலவும் சமமாகும் புள்ளி மாதம் 25,700 ஃபைலிலிருந்து 15,500க்கு வரும். ஒரு நிபந்தனை உண்டு: ஆறு பேரை அனுப்பவில்லை என்பதால் ஆட்செலவின் மிச்சம் உடனே கிடைக்காது. அதே ஆறு பேர் 14,000 ஃபைல் வரை தாங்கும்போதுதான் 1.38 உண்மையாகும்.

பில் போடும் முறையையும் மாற்றினார்கள். மாதம் 150 ஃபைலுக்கு 900 ரிங்கிட் முன்பணம், மேற்பட்டதற்கு ஃபைலுக்கு 6.50. 13 ஏஜண்டுகள் ஒப்புக்கொண்டார்கள். 31 விழுக்காடு ஃபைல் தரும் பெரிய ஏஜண்ட் மறுத்தார். அவருக்கு 30 நாள் தவணை, தவறினால் அந்த இன்வாய்ஸை மட்டும் செக்யூரிட்டீஸ் கமிஷனில் பதிவான பி2பி தளத்தில், அதாவது பலரிடமிருந்து கடன் திரட்டித் தரும் தளத்தில், வைத்துப் பணமாக்குவது. பிழைக்கான இழப்பீட்டுப் பொறுப்புக்கு மூன்று மாதக் கட்டணம் என்ற உச்சவரம்பும் எல்லா ஒப்பந்தத்திலும் ஏறியது.

கையெழுத்தான ஒப்பந்தம்

மொத்தம் 700,000 ரிங்கிட், பணத்துக்குப் பிந்தைய மதிப்பு 4 மில்லியன், பங்கு 17.5 விழுக்காடு. மதிப்பு பாதியானது போலத் தெரியும். ஆனால் பழைய தாளில் அறிக்கையின் மொத்த லாபத்தைப் போல் 16 மடங்கு, புதியதில் உண்மை மொத்த லாபத்தைப் போல் 17 மடங்கு. பங்கேற்பு இல்லை. மீட்பு உரிமை ஏழாம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டது, கூட்டு வட்டி நீங்கியது.

400,000 உடனே. மீதி 300,000க்கு இலக்கு விற்பனை அல்ல: திருத்தும் நேரம் தொடர்ந்து மூன்று மாதம் 4.5 நிமிடத்துக்குக் கீழே, பாக்கி சராசரி 40 நாளுக்குக் கீழே. நேரத்தை அளப்பது மென்பொருளின் பதிவு. நிதியத்துக்கு அதைப் பார்க்கும் அனுமதி உண்டு, மாற்றும் அனுமதி யாருக்கும் இல்லை. திரையைத் திறந்துவைத்து ஏமாற்றாமலிருக்க, ஆறு பேரின் மொத்தச் சம்பள நேரத்தை ஃபைலால் வகுத்த எண்ணும் கூடவே ஒத்துப்போக வேண்டும்.

புதுத் தொழில்களுக்கு உதவும் அரசு அமைப்பான கிரேடில் நிதியத்தின் ஸ்பார்க் வகை மானியம் 150,000 வரை தரும். எச்எஸ் நினைவக வேலைக்கு அதற்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பணத் திட்டத்தில் அதை பூஜ்யமாகவே வைத்திருக்கிறார்கள்.

தீராமல் நிற்பது அந்த 31 விழுக்காடு. பெரிய ஏஜண்ட் விலகினால் மாத ஃபைல் 6,200க்கு விழும், ஆறு திருத்துபவரில் இருவருக்கு வேலை இருக்காது, சமநிலைப் புள்ளி எட்டாத தூரத்துக்குப் போகும். எந்த ஒரு வாடிக்கையாளரும் 25 விழுக்காட்டைத் தாண்டினால் மாதாந்திர அறிக்கையில் தனி வரியாகக் காட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். முதல் அறிக்கை அந்த வரியோடுதான் போகும்.